கண்டிப் பெருவீதியில் உண்டிச்சாலைகள் — ஒரு சமூக வரலாற்று நோக்கு

அரசர்தம் முடிசூட்டு விழாக்களும் போர்களும் ஒப்பந்தங்களும் வரலாற்று நூல்களில் விரிவாக இடம்பெற்றுள்ளன. ஆயின் அந்த அரசர்களின் நாட்டிலே வழிநடந்த சாதாரண மனிதன் எங்கே இளைப்பாறினான், எதை உண்டான், யார் கையால் உண்டான் என்னும் வினாக்கள் வரலாற்றாசிரியர் கவனத்தை அதிகம் பெற்றனவல்ல. கொழும்பிலிருந்து கண்டி வரை ஏறத்தாழ 72 மைல் நீளும் பெருவீதியில் இன்று பயணஞ்செய்வோர், வரகாப்பொலையிலோ கேகாலையிலோ மாவனல்லையிலோ கடுகண்ணாவையிலோ இறங்கி, முன்பின் அறியாத ஒரு சிறு கடையிலே தேநீர் அருந்திச் செல்வர். அக்கடையின் உரிமையாளர் இன்ன இனத்தார், இன்ன சாதியார் என அவர்கள் பெரும்பாலும் வினவுவதில்லை. கடைக்காரரும் வந்தவரை வினவுவதில்லை. இன்று இயல்பாகத் தோன்றும் இந்நிகழ்ச்சி இருநூறு ஆண்டுகளுக்கு முன் இயல்பானதன்று. அது எவ்வாறு இயல்பாயிற்று என்பதையும், அவ்வியல்பு எத்துணை எளிதிற் குலையக்கூடியது என்பதையும் கண்டியையும் அதன் சுற்றுப்புறத்தையும் களமாகக்கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆற்றுப்படையும் அம்பலமும்

வழியும் உணவும் தமிழிலக்கியத்துக்குப் புதியன அல்ல. பரிசில் பெற்ற பாணன் பெறாத பாணனுக்கு வழிகூறுவதாக அமைந்த ஆற்றுப்படை நூல்கள், ஒருவகையில் வழியுணவின் கையேடுகளே. பெரும்பாணாற்றுப்படை எயினர் குடியிருப்பில் எது கிடைக்கும், ஆயர் சேரியில் எது கிடைக்கும், உழவர் ஊரிலும் அந்தணர் உறைவிடத்திலும் வலைஞர் குப்பத்திலும் எவ்வெவை கிடைக்கும் என நிரல்படக் கூறுகின்றது. நிலத்துக்கேற்ப உணவு மாறுகின்றது; ஆனால் ஒன்று மாறுவதில்லை. எவ்விடத்தும் அவ்வுணவு விருந்தாக அளிக்கப்படுகிறதேயன்றி விற்கப்படுவதில்லை. வருபவன் பாணன் என்பது அறியப்பட்டிருத்தலே அவன் உணவு பெறுவதற்கான தகுதி. அன்ன விக்கிரயம் பாவம் என்ற எண்ணம் பிற்காலத்தும் நெடுங்காலம் நிலவியமை இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

கண்டி இராச்சியத்திலும் நிலைமை பெரிதும் வேறன்று. அங்கே வழிப்போக்கர் தங்குவதற்கு அமைந்தவை அம்பலங்கள். சிங்களத்தில் ‘அம்பலம’ என வழங்கும் இச்சொல்லுக்கும் தமிழின் ‘அம்பலம்’ என்ற சொல்லுக்கும் உள்ள உறவு வெளிப்படை. நான்கு புறமும் திறந்த மண்டபம், தாழ்ந்த கூரை, அமர்ந்திருக்கவும் படுத்துறங்கவும் ஏற்ற திண்ணை என்பனவே அதன் அமைப்பு. எம்பெக்கையில் எஞ்சி நிற்கும் அம்பலத்துக் கற்றூண்களும், கடுகண்ணாவையில் வீதியோரத்தே இன்றும் காணப்படும் அம்பலமும் இம்மரபின் சான்றுகள். அம்பலத்தில் தங்க இடமுண்டு. விலைக்கு உணவு இல்லை. பயணி தன் சோற்றுப் பொதியைத் தானே சுமந்துவந்தான். அல்லது அரிசியும் சட்டியும் கொண்டுவந்து அங்கேயே சமைத்தான். யாழ்ப்பாணத்து வழிமடங்களும் தண்ணீர்ப்பந்தல்களும் இவ்வாறே அறத்தின்பாற்பட்டனவாய் அமைந்தன.

உணவு விற்கப்படாமைக்குக் காரணம் பணப்புழக்கம் குறைந்திருந்தமை மட்டுமன்று. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறையிருந்து, பின் தப்பிச்சென்று 1681 இல் தன் நூலை வெளியிட்ட ஆங்கிலேயன் றொபேட் நொக்ஸ், உயர்ந்தோரெனக் கருதப்பட்டோர் தாழ்ந்தோரெனக் கருதப்பட்டோரின் இல்லங்களில் உண்ணாத வழக்கத்தைப் பதிவுசெய்துள்ளான். யார் கையால் உண்பது என்பது சமூகப் படிநிலையைக் காக்கும் வேலியாக இருந்தது. வழியும் அவ்வாறே வேலியிடப்பட்டிருந்தது. பகைவர் படை எளிதில் உட்புகலாகாதென்று பாதைகள் குறுகலாகவே வைக்கப்பட்டன. முக்கியமான இடங்களில் ‘கடவத்த’ எனப்பட்ட முட்கதவங்கள் காவலுடன் நின்றன. கொழும்புக்கு அண்மையில் இதே வீதியில் உள்ள கடவத்தை என்ற ஊர்ப்பெயர் அந்நினைவை இன்றும் சுமந்துநிற்கின்றது. அக்கதவங்களைக் கடப்போர் களிமண்ணிற் பதித்த முத்திரையைக் காட்ட வேண்டியிருந்ததென்றும் நொக்ஸ் கூறுகின்றான். ஆகவே ‘நீ யார்?’ என்னும் வினா வழியிலும் கேட்கப்பட்டது. உணவு வேளையிலும் கேட்கப்பட்டது.

இவ்வமைப்பினுள் ஊர்விட்டு ஊர் செல்வதையே தொழிலாகக் கொண்டிருந்தோருள் முஸ்லிம்கள் முதன்மையானவர்கள். பொதிமாட்டு வரிசைகளான தவளங்களில் உப்பையும் கருவாட்டையும் மலைநாட்டுக்கு ஏற்றிவந்து, பாக்கு முதலியவற்றைக் கரையோரத்துக்கு இறக்கிச் சென்றவர்கள் அவர்களே. இப்போக்குவரத்தின்பொருட்டுக் கண்டி அரசில் ‘மடிகே’ என்னும் தனிப்பிரிவே இயங்கியது. அக்குறணை, மாவனல்லை, கலகெதர, கம்பளை முதலிய இடங்களின் முஸ்லிம் குடியிருப்புகளையும், பிற்காலத்தில் இவ்வீதியெங்கும் பெருகிய முஸ்லிம் உணவுக்கடைகளையும் நோக்குமிடத்து, வழியையும் வழிப்போக்கனின் தேவையையும் நன்கறிந்த ஒரு சமூகமே பின்னர் வழியுணவுத் தொழிலிலும் முன்னின்றது எனக் கொள்வதிற் தவறில்லை.

வீதியின் வருகை

1815 இல் கண்டி பிரித்தானியர் வசமாயிற்று. 1817–1818 இல் மூண்ட கிளர்ச்சி, படைகளை விரைந்து நகர்த்த வீதி இன்றியமையாதது என்பதை ஆட்சியாளருக்கு உணர்த்தியது. தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸின் காலத்தில், கப்டன் டோசன் முதலியோரின் மேற்பார்வையிற் கொழும்பு – கண்டி வீதி அமைக்கப்பட்டது. இராசகாரிய முறையின்கீழ்க் கட்டாய உழைப்பாகப் பெறப்பட்ட மக்களின் வியர்வையே அவ்வீதியின் அடித்தளம் என்பது மறக்கப்படலாகாது. கடுகண்ணாவையில் பாறை குடையப்பட்டது. 1829 இல் மறைந்த டோசனின் நினைவாக எழுப்பப்பட்ட கோபுரம் இன்றும் அங்கே நிற்கின்றது. குடைந்த மக்களுக்குக் கோபுரமில்லை. பேராதனையில் மகாவலி கங்கையின் குறுக்கே முதிரை மரத்தினாலே 205 அடி நீளமான ஒற்றை வளைவுப் பாலம் அமைந்தது. 1832 இல் கொழும்புக்கும் கண்டிக்குமிடையே தபால் வண்டிச் சேவை தொடங்கியது.

வீதியுடன் கூடவே வாடிவீடுகள் தோன்றின. ஒல்லாந்தர் காலத்து வழக்கத்தைப் பின்பற்றி அமைந்த இவற்றுள் அம்பேபுஸ்ஸ வாடிவீடு 1828 இல் ஏற்பட்டதெனக் கூறப்படும். இவை அரச உத்தியோகத்தருக்கு முன்னுரிமை அளித்தவை. துரைமார்க்கும் வசதிபடைத்தோர்க்கும் உரியவை. வண்டியோட்டிக்கும் சுமைகாரனுக்கும் அங்கு இடமிருக்கவில்லை. அவர்களுக்குரியதாக, அம்பலத்துக்கும் வாடிவீட்டுக்கும் இடைப்பட்டதாய்த் தோன்றியதே சிறு கடை. கோப்பிப் பயிர்ச்செய்கை மலைநாட்டிற் பரவியபோது, கோப்பியைக் கொழும்புக்கும் அரிசியைத் தோட்டங்களுக்கும் ஏற்றிச்சென்ற மாட்டுவண்டிகள் இவ்வீதியை நிறைத்தன. பல நாட்கள் வழியிலேயே வாழ்ந்த வண்டிக்காரனுக்கு மாட்டுக்கு வைக்கோலும் தனக்குச் சோறும் தேவைப்பட்டன. கிடுகு வேய்ந்த கூரை, ஒரு வாங்கு, ஓர் அடுப்பு, தொங்கும் வாழைக்குலை என்பவற்றோடு கடை பிறந்தது. சிங்களத்தில் வழங்கும் ‘கடே’ என்ற சொல் தமிழின் ‘கடை’யே என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. 1848 இல் தேசாதிபதி டொரிங்டன் விதித்து மாத்தளைக் கிளர்ச்சிக்குக் காரணமாயமைந்த புதிய வரிகளுள், கடைகளுக்கான அனுமதிப்பத்திர வரியும் ஒன்று. வரிவிதித்துப் பொருளீட்டத் தகும் அளவுக்கு அக்காலத்திலேயே கடைகள் பெருகியிருந்தன என்பதற்கு இதுவே போதிய சான்று.

வீதி எல்லார்க்கும் ஒரேவகை வழியாக இருக்கவில்லை. தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் மன்னார்க் கரையிலிறங்கி, மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் காட்டுவழி நடந்தனர். அவர்கட்கு வழிக்கடையும் இல்லை. கடை இருந்தவிடத்துக் கையிற் காசும் இல்லை. கங்காணி அளந்துகொடுத்த அரிசி அவர்கள் பெயரிற் கடனாகப் பதியப்பட்டது. வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியில் வீழ்ந்தோர் பலர். வழியுணவின் வரலாற்றை எழுதுவோர், உண்டவர்களை மட்டும் நோக்கி, உண்ணாது நடந்தவர்களை விட்டுவிடலாகாது.

1867 இல் புகையிரதம் கண்டியை அடைந்தது. பொல்கஹவெல, ரம்புக்கனை வழியாகச் சென்ற அப்பாதை கேகாலையையும் மாவனல்லையையும் தொடாது விலகிச்சென்றது. நெடுந்தூரச் சுமையும் பயணியும் வீதியை விட்டு இருப்புப்பாதைக்கு மாறினர். நிலையங்களை அண்டிப் புதிய கடைகள் தோன்றின. இருபதாம் நூற்றாண்டில் மோட்டார் வாகனமும் பேருந்தும் வந்தபின்னரே பழைய வீதிநகரங்கள் மீண்டும் பயணிகளாற் பொலிந்தன. 1958 ஜனவரி 1 ஆம் திகதி தனியார் பேருந்துகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானதும், மலைநாட்டுக் கிராமங்களும் நகரங்களும் முன்னில்லாத அளவிற்குப் பிணைக்கப்பட்டன. நெடுந்தூரப் பேருந்து எக்கடை முன் நிற்கின்றதோ அக்கடை வாழ்கின்றது என்பதும், சாரதிக்கும் நடத்துநருக்கும் அங்கே உணவு இலவசம் என்பதும் இன்றும் காணத்தகும் வழக்கங்கள்.

கடையின் அமைப்பும் வழக்கங்களும்

கண்டிச் சுற்றுப்புறத்துச் சிறு நகரங்களின் உணவுக்கடைகளை மூவகையாகப் பகுத்து நோக்கலாம். தோசையும் வடையும் மரக்கறிச் சோறுமாக விளங்கும் சைவக்கடை ஒன்று. இறைச்சிக்கறியும் ரொட்டியும் இடியப்பமும் பெயர்பெற்ற முஸ்லிம் ஹோட்டல் மற்றொன்று. சோறும் பலவகை மரக்கறியும் மீன்கறியும் தரும் சிங்களவரின் ‘பத் கடே’ இன்னொன்று. இலங்கையில் ‘ஹோட்டல்’ என்ற சொல் தங்குமிடத்தைவிட உண்ணுமிடத்தையே பெரும்பாலும் குறித்துநிற்பதும் கவனிக்கத்தக்கது. ஆயின் இப்பகுப்புப் பெயர்ப்பலகையளவில் நிற்பதேயன்றி, உண்போரைப் பகுப்பதன்று. சைவக்கடையிற் காலை நேரத்தில் தோசை உண்போருள் சிங்களவர் பலர். முஸ்லிம் ஹோட்டலில் இரவுக் கொத்துரொட்டிக்குக் காத்திருப்போருள் மூவினத்தாரும் உளர்.

உணவுப் பொருள்களே இக்கலப்புக்குச் சான்று பகர்கின்றன. பாண் என்ற சொல் போர்த்துக்கேயர் தந்தது. சம்பல் மலாய் உறவைக் காட்டுவது. தோசையும் வடையும் சிங்களத்திற் பெயர் மாறாது வழங்குவன. இவையனைத்தும் ஒரே கண்ணாடிப் பெட்டியுள் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. ஏட்டில் எழுதப்பட்ட வரலாற்றைவிட அக்கண்ணாடிப் பெட்டி காட்டும் வரலாறு சிலவேளை தெளிவானது.

தேநீர்க்கடை என்னும் நிறுவனமும் ஒப்பீட்டளவிற் புதியதே. 1867 இல் கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1869 முதல் பரவிய இலைநோயினாற் கோப்பி அழிய, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. எனினும் தேயிலை ஏற்றுமதிக்குரிய பண்டமாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. 1930களில் உலகச் சந்தையில் விலை வீழ்ச்சியுற்றபோது, 1932 இல் தேயிலைப் பிரசாரச் சபை அமைக்கப்பட்டது. உலகப் புகழ்பெற்ற இலை ஏற்றுமதியாக, உள்நாட்டு மக்களுக்கு மலிந்த தேயிலைத் தூளே எஞ்சியது. கொழுந்து பறித்தவளின் கையிலும் கடை வாங்கில் அமர்ந்தவனின் கையிலும் இருந்தது அத்தூளில் இறக்கிய சாயமே. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அரிசி பங்கீட்டுக்குள் வந்து, கோதுமை மாவின் பயன்பாடு பெருக, பாணும் ரொட்டியும் பனிசும் கடைகளின் நிலையான பண்டங்களாயின.

இக்கடைகளின் வழக்கங்களுள் ஒன்று தனித்த கவனத்துக்குரியது. அமர்ந்தவர் முன் வடை, ரொட்டி, பற்றிஸ், பனிஸ் முதலியன நிறைந்த தட்டொன்று கேட்காமலே வைக்கப்படுகின்றது. உண்டவற்றுக்கு மட்டுமே விலை. எத்தனை உண்டார் என்பதை எண்ணிக்கூறுபவர் பெரும்பாலும் உண்டவரே. உண்ணாதவை அடுத்த மேசைக்குச் செல்கின்றன. பரிமாறுபவர் பயணியின் சொல்லை நம்புகின்றார். பயணி, தட்டில் உள்ளதையும் அதைத் தொட்ட கையையும் நம்புகின்றார். மீண்டும் ஒருமுறை சந்திப்போம் என்ற உறுதி இருவருக்கும் இல்லை. அம்பலத்தில் இல்லாத இந்நம்பிக்கையே வழிக்கடை இந்நாட்டின் சமூக வாழ்வுக்கு அளித்த கொடை எனலாம்.

விலையும் சமத்துவமும்

இந்நம்பிக்கை எங்ஙனம் உருவாயிற்று? முதற்காரணம் பணம். உணவு விலைப்பொருளானவுடன், உண்பவன் யார் என்ற வினா பின்தள்ளப்பட்டு, அவனிடம் சல்லி உண்டா என்ற வினா முன்வந்தது. இரண்டாவது காரணம் வீதியின் இயல்பு. ஊர்க்கடைக்கு வருபவனின் குலமும் கோத்திரமும் ஊரறிந்தவை. வீதிக்கடைக்கு வருபவனோ அயலான். அவனை விசாரித்துக்கொண்டிருந்தால் வியாபாரம் நடவாது. மூன்றாவதாக, கடை நடத்தியோர் பலர் தாமே அவ்வூருக்கு அயலாராய் இருந்தமையால், ஊரின் படிநிலையைக் காக்கும் பொறுப்பு அவர்களைச் சாரவில்லை.

பணம் ஒன்றே சமத்துவத்தை ஏற்படுத்திவிடும் என்று இதனாற் கொள்ளலாகாது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தேநீர்க்கடைகள் இருந்தன. அங்கும் தேநீர் விலைக்கே விற்கப்பட்டது. எனினும் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே அமரவியலாது வெளியே நிற்கவும், சிரட்டையிலும் தகரப்பேணியிலும் அருந்தவும் வைக்கப்பட்டனர். உணவுச்சாலை முதலிய பொதுவிடங்களில் சாதி காரணமாகத் தடைசெய்வதைக் குற்றமாக்கும் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957 இல் நிறைவேறியது. சட்டம் ஏட்டில் நிற்க, கடைவாயில் அடைபட்டே இருந்தது. 1950களின் இறுதியிற் சிறுபான்மைத் தமிழர் மகாசபை தேநீர்க்கடைப் பிரவேசத்தை முன்னெடுத்தது. 1966 ஒக்டோபர் 21 எழுச்சியைத் தொடர்ந்து, தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தின் போராட்டங்கள் சங்கானை, சாவகச்சேரி முதலிய இடங்களிலே தேநீர்க்கடை வாயில்களைத் திறப்பித்தன. இப்போராட்டக் காலமே 1972 இல் வெளிவந்த கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவலின் களம். ஒரு கோப்பைத் தேநீருக்காக மனிதர் தடியடியும் துப்பாக்கிச்சூடும் பட்டனர் என்பதை, எக்கடையிலும் தடையின்றி நுழையும் இன்றைய தலைமுறை அறிந்திருத்தல் வேண்டும்.

இது ஈழத்துக்கு மட்டும் உரியதன்று. மோட்டார் வாகனப் பயணத்தை ஊக்குவிக்கும் பொருட்டு, பிரான்சின் மிஷ்லின் டயர் நிறுவனம் 1900 இல் தன் கையேட்டை வெளியிட்டது. சுவையான உணவகத்தைத் தேடிச் செல்வோரின் வழிகாட்டியாக அது வளர்ந்தது. அமெரிக்காவிலோ 1936 இல் விக்டர் கிரீன் என்னும் தபாற்காரர் வேறொரு கையேட்டை வெளியிட்டார். கறுப்பினப் பயணிகளை அவமதியாது ஏற்கும் உணவகங்களும் விடுதிகளும் எவையென்று தெரிவிப்பதே அதன் பணி. முன்னையது ‘எங்கே நன்றாக உண்ணலாம்’ என்றது; பின்னையது ‘எங்கே உண்ண விடுவார்கள்’ என்றது. 1960 பெப்ரவரி 1 ஆம் திகதி கிறீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர் வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்ட உணவுமேசையில் அமர்ந்து எழ மறுத்தமையும், சங்கானைத் தேநீர்க்கடை வாயிலில் நின்றோரின் உறுதியும் ஒரே வரலாற்றின் இரு அத்தியாயங்கள்.

நம்பிக்கை முறிந்த வேளைகள்

கண்டிப் பெருவீதியின் வழிக்கடைகளில் வளர்ந்த நல்லுறவை வியந்து கூறி முடித்துவிட்டால் அது வரலாறாகாது. நம்பிக்கையின் இடமாக இருந்த காரணத்தினாலேயே, நம்பிக்கை முறிந்தபோதெல்லாம் முதலில் தாக்கப்பட்டதும் கடையே. 1915 மே 28 ஆம் திகதி, வெசாக் காலத்தில், கண்டியின் காசில் ஹில் வீதிப் பள்ளிவாசலருகே தொடங்கிய கலவரம் நாட்டின் பல பாகங்களுக்கும் பரவியது. போர்க்கால விலையேற்றத்தால் எழுந்த சினம், கரையோரச் சோனகரின் கடைகள்மீது திரும்பியது. எல்லாரையும் ஏற்ற விலை என்னும் அதே உறவு, விலை ஏறியபோது பகைக்குரிய காரணமாகக் காட்டப்பட்டது.

1973–1974 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடு வேறுவகைச் சோதனை. தோட்டங்களிலே பட்டினி தலைவிரித்தாடியபோது, தொழிலாளர் குடும்பங்கள் மலைநாட்டு நகரங்களின் வீதிகளில் இரந்து நின்றன. தேயிலையை உலகுக்கு ஈந்தவர்கள் தேநீர்க்கடையின் வெளியே நின்றனர். விலை சாதியை வினவாது. ஆயின் வறியவனை உள்ளே விடாது என்பதனை அக்காலம் காட்டிற்று.

1983 ஜூலையிற் கண்டி, மாத்தளை, கம்பளை முதலிய நகரங்களிலே தமிழரின் கடைகள் எரியூட்டப்பட்டன. நாட்டின் பல வீதிகளில் வாகனங்கள் மறிக்கப்பட்டுப் பயணிகள் சிங்களச் சொல்லொன்றை உச்சரிக்குமாறு பணிக்கப்பட்டனர். நாவின் ஒலியே உயிருக்கு முத்திரையாயிற்று. முட்கதவத்தின் முன் கேட்கப்பட்ட ‘நீ யார்?’ என்னும் வினா, மூன்று நூற்றாண்டுகளின் பின் வீதிக்கு மீண்டது.

அண்மைக்கால நிகழ்ச்சியொன்று இவ்வகையில் மிகவும் சிந்திக்கத்தக்கது. 2018 பெப்ரவரி 26 ஆம் திகதி இரவு, கிழக்கிலுள்ள அம்பாறை நகரின் முஸ்லிம் உணவகமொன்றில், கறியிற் காணப்பட்ட கட்டியை மலட்டு மாத்திரை எனக்கூறி ஒரு கும்பல் கடையையும் பள்ளிவாசலையும் தாக்கியது. அரச பகுப்பாய்வாளரின் சோதனையில் அது வெறும் மாக்கட்டி என உறுதியாயிற்று. உண்மை வெளிவருமுன் பொய் மலையேறிவிட்டது. சில நாட்களின் பின், வீதித் தகராறொன்றில் தாக்கப்பட்ட சாரதி ஒருவரின் மரணத்தையடுத்து, கண்டி மாவட்டத்தின் தெல்தெனிய, திகன, அக்குறணை முதலிய இடங்களில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மார்ச் 6 ஆம் திகதி அவசரகாலநிலை பிரகடனமாயிற்று. உணவில் நஞ்சுண்டு என்ற வதந்தி ஏன் இத்துணை வலிமை பெற்றது? பயணி தன் உடலையே நம்பி ஒப்படைக்கும் இடம் உணவுக்கடை. அந்நம்பிக்கையைக் கெடுக்க விழைவோர் குறிவைப்பதும் அதனாலேயே அவ்விடம். ‘அவர்கள் கையால் உண்ணாதே’ என்னும் பழைய சாதிக்கட்டளை, மருத்துவ மொழி புனைந்து இனக்கட்டளையாக மீண்டும் எழுந்தது எனல் மிகையன்று. 2019 ஏப்ரல் 21 குண்டுத்தாக்குதல்களின் பின் முஸ்லிம்களின் கடைகளைப் புறக்கணிக்குமாறு எழுந்த குரல்களும் இவ்வகையினவே.

முடிவுரை

விருந்தோம்பலின் வழியில் அறிந்தோர்க்கு உணவளித்த காலம், அம்பலத்தில் அவரவர் உணவை அவரவர் உண்ட காலம், கடையில் அறியாதோர் கையால் விலைகொடுத்து உண்ட காலம் என வழியுணவின் வரலாறு மூன்று கட்டங்களாக வளர்ந்துள்ளமை மேற்கூறியவற்றாற் புலனாகும். மூன்றாவது கட்டம் முன்னையவற்றைவிட அறத்தாற் குறைந்ததன்று. அறிந்தவனுக்கு அளிப்பதைவிட அறியாதவனை நம்புவது அரிது. ஆனால் அது சட்டத்தாலும் போராட்டத்தாலும் நாள்தோறும் நடக்கும் சிறு பழக்கங்களாலும் காக்கப்பட்டாலன்றி நிலைக்காது.

இன்று அதற்கு வேறுவகைச் சவாலும் உண்டு. 2022 ஜனவரியில் மத்திய அதிவேக நெடுஞ்சாலையின் மீரிகம – குருநாகல் பகுதி திறக்கப்பட்டது. அதிவேக நெடுஞ்சாலை நேரத்தை மிச்சப்படுத்துவது மெய்யே. ஆயின் புகையிரதம் அன்று கேகாலையையும் மாவனல்லையையும் ஒதுக்கிச் சென்றதுபோல, அதுவும் சிறு நகரங்களை ஒதுக்கியே செல்லும். ஒரேவகை உணவை ஒரேவகைப் பொதியில் தரும் விற்பனை நிலையங்களில், எண்ணிச் சொல்லும் தட்டுக்கு இடமிராது. அதே 2022 இன் பொருளாதார நெருக்கடியில் எரிவாயுவும் எரிபொருளும் கிட்டாது சிறு உணவகங்கள் பல மூடப்பட்டமை, இத்தொழில் எத்துணை மெல்லிய இழையில் தொங்குகின்றது என்பதைக் காட்டியது.

1952 இல் கொழும்பிலிருந்து பேராதனைக்குப் பல்கலைக்கழகம் இடம்பெயர்ந்த நாள்முதல், வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் தெற்கிலுமிருந்து இவ்வீதிவழியே மாணவர் வந்துகொண்டிருக்கின்றனர். கலஹாச் சந்தியின் கடை வாங்குகளில் அவர்கள் ஒருங்கே அமர்ந்து அருந்தும் தேநீர், விரிவுரை மண்டபம் கற்பிக்காத பாடமொன்றைக் கற்பிக்கின்றது. சிறு நகரக் கடைகளின் பெயர்ப்பலகைகள், பழைய அனுமதிப்பத்திரங்கள், கணக்கேடுகள், முதிய கடைக்காரரின் வாய்மொழிகள் ஆகியன திரட்டப்பட்டு ஆராயப்படல் வேண்டும். கல்வெட்டும் செப்பேடும் போல அவையும் இந்நாட்டு மக்கள் ஒருவரோடொருவர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதற்குச் சான்றாவணங்களே. அவை அழியுமுன் அவற்றைப் பதிவுசெய்வது வரலாறு பயிலும் இளந்தலைமுறையின் கடமையாகும்.